பள்ளிக்கூடம் பட்டறைகளான கதை: நியூயார்க்கின் பி.எஸ்.1

1976 ஜூன் மாதம் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், மூடிக் கிடந்த ஒரு பழைய பள்ளிக்கூடத்துக்குள் மறுபடி ஆட்கள் வந்து போனார்கள். சுவர்களில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து தொங்கியது. அதைச் சுரண்டி எடுத்து யாரும் புதுப் பூச்சு அடிக்கவில்லை. வகுப்பறை, நடைவழி, பரண் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் 78 கலைஞர்கள் வேலை செய்து வைத்திருந்தார்கள். ஜூன் 9 முதல் 26 வரை நடந்த அந்தக் கண்காட்சிக்கு ‘ரூம்ஸ்’ என்று பெயர். அப்படித்தான் பி.எஸ்.1 என்ற கலைக்கூடம் தொடங்கியது. ‘பப்ளிக் ஸ்கூல் 1’, அதாவது அரசுப் பள்ளி எண் 1 என்பதன் சுருக்கம் அந்தப் பெயர். அந்த ஆண்டிலிருந்தே அங்கே கலைஞர்களுக்கான ஸ்டூடியோக்களும் நடந்தன.

கைவிட்ட பொதுக் கட்டடத்தைக் கலைஞர்களின் பட்டறையாக்குவது பற்றிப் பேச்சு எடுத்தால் இந்தப் பெயர் வராமல் இருக்காது. பெரும்பாலும் வெற்றிக் கதையாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. இன்று அந்தக் கட்டடம் உலகம் அறிந்த கலை அருங்காட்சியகம். ஆனால் ஸ்டூடியோத் திட்டம் 2004-லேயே முடிந்துபோனது. கட்டடம் பிழைத்துக்கொண்டது, பட்டறைகள் போய்விட்டன. எது நன்றாக நடந்தது, எந்த இடத்தில் கைநழுவியது என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஆய்வு.

கட்டடம் கைக்கு வந்த விதம்

குவீன்ஸில் உள்ள லாங் ஐலண்ட் சிட்டி 1898 வரை தனி நகரமாக இருந்தது. அந்த நகரத்தின் முதல் பள்ளியாக 1892-ல் எழுந்த கட்டடம் இது. செங்கல் சுவர், வளைவுகள், ரோமனெஸ்க் என்ற பழைய ஐரோப்பியக் கட்டடப் பாணியை நினைவூட்டும் கனமான தோற்றம். பின்னாளில் சுற்றுவட்டாரம் ஆலைகளும் கிடங்குகளுமாக மாறியது. பிள்ளைகள் குறைந்தார்கள். 1963-ல் பள்ளியை மூடினார்கள். அதன்பின் நகராட்சிச் சாமான்களைப் போட்டுவைக்கும் கிடங்காகப் பயன்பட்டது. சுமார் 1,25,000 சதுர அடி இடம் அப்படியே தூசி படிந்து கிடந்தது.

பி.எஸ்.1-ஐ உருவாக்கிய அலானா ஹைஸ் 1971-ல் ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தார். நகரத்தில் சும்மா கிடக்கும் கட்டடங்களைக் கலைஞர்களுக்குப் பெற்றுத் தருவதுதான் அதன் வேலை. இந்த யோசனைக்கு ஒரு முன்னோடி உண்டு. 1968-ல் லண்டனில் ஓவியர்கள் பிரிட்ஜெட் ரைலியும் பீட்டர் செட்ஜ்லியும் ‘ஸ்பேஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கி, செயின்ட் கேத்தரின் துறைமுகத்தின் காலிக் கிடங்கு ஒன்றில் ஸ்டூடியோக்களை அமைத்தார்கள். லண்டனில் சில காலம் இருந்த ஹைஸுக்கு அந்த முயற்சி நன்றாகத் தெரியும். 1973-ல் கீழ் மன்ஹாட்டனில் நகராட்சிக்குச் சொந்தமான ஒரு கட்டடத்தின் உச்சியில், கடிகாரக் கோபுரத்துக்குள் அவர் ‘கிளாக்டவர்’ என்ற இடத்தைத் திறந்தார். பி.எஸ்.1 அதற்கு அடுத்து வந்தது.

காலமும் கைகொடுத்தது. 1975-ல் நியூயார்க் நகராட்சி கிட்டத்தட்ட திவாலாகும் நிலைக்குப் போனது. காலிக் கட்டடங்களைப் பழுதுபார்க்கப் பணம் இல்லை, இடிக்கவும் செலவாகும். ‘யாராவது எடுத்து நடத்தினால் போதும்’ என்ற நிலை. இன்னொரு பக்கம், மன்ஹாட்டனின் சோஹோவில் கலைஞர்கள் ஆலைத் தளங்களை வளைத்துப்போட்டுக் குடியிருந்தார்கள். 1971-ல் விதி மாறி அது சட்டப்படி சரி என்றானது. பகுதிக்கு மவுசு கூடியது, வாடகையும் ஏறியது. இடம் தேடுகிறவர்கள் பெருகிய நேரமும், இடத்தைத் தள்ளிவிட நினைத்த உரிமையாளர் இருந்த நேரமும் ஒன்றாக வந்தன. இந்தப் பொருத்தம் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் அமையாது. பி.எஸ்.1-ஐ முன்மாதிரியாகக் காட்டுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பள்ளிக்கூடம் ஏன் பொருந்துகிறது

கட்டடத்தின் உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும், பழைய பள்ளிக்கூடத்தைப் பட்டறையாக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

முதலில் வெளிச்சம். மின்விளக்கு எல்லா இடத்துக்கும் வராத காலத்துப் பள்ளி என்பதால் சன்னல்கள் ஆளுயரத்துக்கும் மேலே போகும். சன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு தூரம் வரை பகல் வெளிச்சம் அறைக்குள் வேலைக்கு உதவும் என்பது கட்டடக் கலைஞர்கள் வைத்திருக்கும் கணக்கு. கடைசி வரிசைப் பிள்ளையும் சிலேட்டைப் பார்க்க வேண்டும் என்று அன்று யோசித்துக் கட்டியது, இன்று அறையின் உள்மூலையில் ஓவியத்தாங்கி (ஈசல்) வைக்கிறவருக்கும் பயன்படுகிறது. அறைகளைப் பிரித்துக் கொடுக்கும்போது வடக்குப் பார்த்த வகுப்பறைகளை ஓவியர்களுக்கு ஒதுக்குவது நல்லது. அங்கே நேர்வெயில் விழாது, காலையில் பார்த்த நிறம் மாலையிலும் பெரிதாக மாறாது. புகைப்படக்காரருக்கும் வீடியோ செய்கிறவருக்கும் எப்படியும் இருட்டு வேண்டும், அவர்களுக்கு வேறு பக்கம் கொடுத்தாலும் குறையில்லை.

அடுத்து சுவர். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே செங்கல் சுவர் இருப்பதால் ஓர் அறையில் சுத்தியல் அடித்தால் பக்கத்து அறைக்காரர் தூக்கிவாரிப் போட்டு எழமாட்டார். திறந்த ஆலைத் தளத்தைப் பலகை வைத்துத் தடுத்து ஸ்டூடியோ என்று வாடகைக்கு விடும் இடங்களில் முதல் ஆண்டிலேயே சண்டை வருவது சத்தத்தால்தான். பள்ளியில் பலவீனமான இடம் கதவுக்கு மேலே உள்ள கண்ணாடிச் சன்னல். அதைச் சரியாக அடைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

தரை விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. வகுப்பறைத் தரை பிள்ளைகளையும் பெஞ்சுகளையும் தாங்கக் கட்டியது. இன்றைய அமெரிக்கக் கணக்கில் வகுப்பறைக்குச் சதுர அடிக்கு 40 பவுண்டு பாரம், இலகுவான ஆலைக்கு 125 பவுண்டு. வித்தியாசம் மூன்று மடங்குக்கு மேல். கல் செதுக்குகிறவர், அச்சு எந்திரம் வைத்திருக்கிறவர், உலோகம் வார்க்கிறவர் எல்லோரையும் அடித்தளத்துக்கோ தரைத்தளத்துக்கோ அனுப்ப வேண்டும். யார் கேட்டாலும் மாடியில் இடம் தரக் கூடாது. கட்டடப் பொறியாளர் கையெழுத்துப் போடும் வரை காத்திருக்க மனமில்லாமல் பட்டறையைத் திறந்துவிட்டு, பிறகு உத்திரம் தொய்வதைப் பார்த்துப் பதறுவது வேண்டாத வேலை.

தண்ணீர் இன்னொன்று. பள்ளியில் குழாய்கள் பெரும்பாலும் கழிவறைப் பக்கமே இருக்கும், அவையும் மாடிக்கு மாடி ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். அந்த வரிசையை ஒட்டியே ஒவ்வொரு தளத்திலும் பொதுத் தொட்டி வைத்தால் குழாய்ச் செலவு குறையும். தொட்டிக்கு அடியில் வண்டல் தங்கும் பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தண்ணீருக்குள்ளேயே இறுகும் பொருள். ஒருவர் வாளியைக் கழுவி ஊற்றினால் போதும், கொஞ்ச நாளில் குழாய்க்குள் கல் வளர்ந்துவிடும். அதை உடைத்து எடுப்பதற்குள் அந்த வரிசையில் உள்ள மூன்று மாடிக்கும் தண்ணீர் நின்றுபோகும்.

ஓவியர்களின் எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எண்ணெய் வண்ணத்தைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கும். சுருணைக்குள் சிக்கிய சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, யாரும் தீக்குச்சி உரசாமலே துணி பற்றிக்கொள்ளும். மூடியுள்ள இரும்புத் தொட்டி ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டும், அதைத் தினமும் காலி செய்ய ஓர் ஆள் வேண்டும். கூட்டுப் பட்டறையில் எல்லோருக்கும் பொதுவான வேலை யாருக்கும் சொந்தமில்லாத வேலையாகிவிடும். அதனால் ஆள் பெயரைப் போட்டே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பள்ளிக்கூடத்தின் பெரிய பலம் படிக்கட்டு. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மணி அடித்ததும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும் என்று நினைத்துக் கட்டியவர்கள் நடைவழியை அகலமாக வைத்தார்கள், இறங்கும் வழியை ஒன்றோடு நிறுத்தவில்லை. 2016 டிசம்பர் 2 அன்று கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில், கலைஞர்கள் குடியிருந்து வேலையும் செய்த ‘கோஸ்ட் ஷிப்’ கிடங்கில் தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். மேல்தளத்துக்குப் போகும் படிக்கட்டு ஒன்றை மரப் பலகைகளை அடுக்கித் தாங்களே செய்திருந்தார்கள். இடம் மலிவாகக் கிடைத்தால் போதும் என்று கலைஞர்கள் நினைப்பதில் தப்பில்லை, அவர்களுக்கு வேறு வழி இருப்பதில்லை. ஆனால் கட்டடத்தை எடுத்து நடத்துகிறவர் அப்படி நினைக்கக் கூடாது. எந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போனாலும் முதலில் கூரையைப் பார், அப்புறம் படிக்கட்டை எண்ணு, மற்றதை எல்லாம் பிறகு பேசலாம்.

தொடாமல் விட்டது

பி.எஸ்.1-ல் செய்த வேலையைவிட, செய்யாமல் விட்டதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உரிந்த பெயின்ட், தேய்ந்த தரை, பள்ளிக்கூடத்துக்கே உரிய இரண்டு நிறச் சுவர் எல்லாம் இருந்தபடியே இருந்தன. பணம் இல்லாதது ஒரு காரணம். ஆனால் அந்த வறுமையையே கலைஞர்கள் கைப்பொருளாக எடுத்துக்கொண்டார்கள்.

‘ரூம்ஸ்’ கண்காட்சிக்காக மிஷெல் ஸ்டூவர்ட் செய்ததைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நடைவழியில் எதிரெதிரே இரண்டு நீளச் சுவர்கள். ஒரு சுவரின் மேல் காகிதத்தை விரித்துக் கிராஃபைட்டால் தேய்த்தார். சின்ன வயதில் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே முறை. சுவரின் விரிசல், பூச்சின் மேடுபள்ளம் எல்லாம் தாளில் இறங்கின. எதிர்ச் சுவரையும் அப்படியே எடுத்தார். பிறகு கிழக்குச் சுவரின் பிரதியை மேற்கிலும், மேற்குச் சுவரின் பிரதியைக் கிழக்கிலும் மாட்டினார். நடைவழியில் நிற்கிறவர் ஒரு சுவரைப் பார்த்தால், தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர் அங்கே தெரியும். சுவரை வெள்ளையடித்திருந்தால் தேய்த்து எடுக்க அதில் ஒன்றுமே இருந்திருக்காது.

லூச்சியோ போட்ஸி இன்னும் அடக்கமாகச் செய்தார். சுவரில் கீழே ஒரு நிறம் மேலே ஒரு நிறம் என்று மாறும் கோட்டின் மேல் சிறு பலகைகளை ஒட்டினார். பலகையிலும் அதே இரண்டு நிறம், அதே கோடு. அவசரமாகப் போகிறவர் கண்ணில் படவே படாது.

கார்டன் மாட்டா-கிளார்க் வாசல் அளவுக்குத் தரையில் வெட்டு எடுத்தார், மூன்று தளங்களிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக. மேலே நின்றால் கீழ்த்தளம் வரை தெரியும், உத்திரம், பலகை, பூச்சு எல்லாம் வெட்டிய பழம்போல் உள்ளே காட்டும். ஆலன் சாரெட் செங்கல் சுவரில் ஓர் ஓட்டை குடைந்தார். வெயில் நேரத்தில் அதன் வழியாக வெளிச்சம் உள்ளே வந்து விழும். அந்த ஓட்டையை யாரும் அடைக்கவில்லை, இன்னும் இருக்கிறது.

இப்படிச் சுவரையும் தரையையும் தொட விடுகிற உரிமையாளர் கிடைப்பது அரிது. கூட்டுப் பட்டறைக்குப் போகிற எந்தக் கலைஞரைக் கேட்டாலும் முதலில் அவர் அறிய விரும்புவது ‘சுவரில் ஆணி அடிக்கலாமா?’ என்பதைத்தான். பளபளப்பாகப் புதுப்பித்த இடத்தில் அதற்குப் பதில் ‘கூடாது’ என்றுதான் வரும். ஒழுகல் நிற்க வேண்டும், வயரிங் சரியாக இருக்க வேண்டும், குளிருக்குச் சூடு வர வேண்டும், தீ விதிகளுக்குப் பொருந்த வேண்டும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு செலவும் வாடகையில் ஏறும், ஆணி அடிக்கும் சுதந்திரத்தையும் குறைக்கும்.

ஸ்டூடியோக்கள் நடந்த முறை

ஸ்டூடியோத் திட்டம் இரண்டு கிளைகளாக நடந்தது. அமெரிக்கக் கலைஞர்களைத் தேர்வுக் குழு தேர்ந்தெடுத்தது. வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அவரவர் நாட்டு அரசோ கலை அமைப்போ பணம் கட்டியது. அறைகள் பி.எஸ்.1-லும் கிளாக்டவரிலும் இருந்தன. ஒருவருக்குப் பொதுவாக ஓர் ஆண்டு, அப்புறம் அடுத்தவர்.

வெளிநாட்டு அரசுகளைக் கொண்டுவந்தது புத்திசாலித்தனமான ஏற்பாடு. கலைஞரின் கையில் காசு இல்லாவிட்டாலும் அறைக்கு வருமானம் வந்தது. பக்கத்து அறையில் வேறு மொழி பேசுகிறவர், வேறு விதமாக வேலை செய்கிறவர் இருந்தார். கலைஞர்களுக்கு இதைவிட நல்ல படிப்பு கிடையாது.

ஆனால் அந்த ஓராண்டுச் சுழற்சியில்தான் பலவீனமும் இருந்தது என்பது என் கருத்து. ஓர் ஆண்டுக்கு வந்தவர் விருந்தாளி. அறையைப் பழகிக்கொள்வதற்குள் பெட்டி கட்ட வேண்டும். கட்டடத்தின் மேல் அவருக்கு உரிமையும் இல்லை, அதற்காகச் சண்டை போடக் காரணமும் இல்லை. நிறைய பேருக்கு வாய்ப்பு தர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்ததுதான் இது. அதன் விலை என்னவென்றால், இந்த அறைகள் எங்களுடையவை என்று நின்று பேசுகிற ஒரு கூட்டம் அங்கே உருவாகவே இல்லை.

கண்காட்சிப் பக்கம் வேறு கதை. அதற்கு விமர்சகர்கள் வந்தார்கள், பத்திரிகை எழுதியது, நன்கொடை வந்தது. கதவுக்குப் பின்னால் ஒருவர் தனியாக வேலை செய்வதற்குப் பார்வையாளர் கிடையாது, நுழைவுச்சீட்டும் கிடையாது. ஒரே கூரையின் கீழ் இரண்டும் இருந்தால் எது வளரும், எது சுருங்கும் என்பது ஊகிக்கக் கடினமில்லை.

கட்டிடக் கலைஞர் ஃபிரெடரிக் ஃபிஷர் வடிவமைத்த பெரிய புதுப்பிப்பு வேலை மூன்று ஆண்டு நடந்து 1997-ல் முடிந்தது. செலவு 85 லட்சம் டாலர். முன்புறம் கான்கிரீட் சுவர் சூழ்ந்த முற்றம் வந்தது. 1998 முதல் கோடையில் அந்த முற்றத்தில் இசை நிகழ்ச்சிகள், கூட்டம் திரண்டது. 2000-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமாவுடன் இணைந்தது. 2004-ல் ஸ்டூடியோத் திட்டத்தை நிறுத்தினார்கள். 2008-ல் ஹைஸ் விலகினார். 2010 முதல் பெயரே ‘மோமா பி.எஸ்.1’. இந்த இணைப்பால் அந்தக் கட்டடத்துக்கு நிலையான எதிர்காலம் கிடைத்தது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஸ்டூடியோவுக்கு இத்தனை சதுர அடி என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவைத்திருந்தால், இணைப்பும் நடந்திருக்கும், அறைகளும் நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கிளாக்டவரின் முடிவு இன்னும் வருத்தமானது. நகராட்சி தன் கட்டடத்தை விற்க, 40 ஆண்டுகளுக்குப் பிறகு 2013-ல் அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பொதுச் சொத்து என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. நகராட்சிக்குப் பணம் இல்லாத காலத்தில் தாராளமாகக் கிடைத்த இடம், நிலத்தின் விலை ஏறிய காலத்தில் அதே நகராட்சியின் பட்டியலில் விற்பனைக்கு ஏறியது.

எதிர்த்த வாசல்

பி.எஸ்.1-க்குக் கிட்டத்தட்ட எதிரே ‘5 பாயின்ட்ஸ்’ இருந்தது. தனியாருக்குச் சொந்தமான பழைய ஆலை. வெளிச்சுவர் முழுக்க ஸ்ப்ரே ஓவியங்கள், உள்ளே குறைந்த வாடகையில் ஏகப்பட்ட கலைஞர்களின் ஸ்டூடியோக்கள். 2009 ஏப்ரலில் வெளிப்புறத்துக் கான்கிரீட் படிக்கட்டு இடிந்து ஒரு கலைஞர் படுகாயம் அடைந்தார். அதன்பின் நகராட்சி ஸ்டூடியோக்களைக் காலி செய்ய வைத்தது. 2013 நவம்பரில் ஓர் இரவில் ஓவியங்கள் மீது வெள்ளை அடித்தார்கள். 2014-ல் கட்டடமே இல்லை. 2018-ல் நீதிமன்றம் 21 ஓவியர்களுக்கு 67 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. அந்த வழக்கு அழிந்துபோன சுவர் ஓவியங்களுக்கானது. உள்ளே ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களின் அறைகள் அந்தக் கணக்கில் வரவில்லை. எந்தச் சட்டமும் ஓவியத்தைத்தான் பார்க்கிறது, ஓவியம் பிறக்கிற அறையைப் பார்ப்பதில்லை.

நிலைத்து நிற்கும் இடங்களும் உண்டு. ஸ்பேஸ் அமைப்பு துறைமுகக் கிடங்கை விட்ட பிறகு கிழக்கு லண்டனின் மார்டெல்லோ தெருவில் 1971-ல் எடுத்த ஸ்டூடியோக்கள் இன்றும் நடக்கின்றன. 1972-ல் தொடங்கிய ‘ஆக்மி’ என்ற இன்னொரு லண்டன் அமைப்பு, இடிக்கப்போகிற வீடுகளைக் குறுகிய காலத்துக்கு வாங்கிக் கலைஞர்களுக்குக் கொடுத்துத்தான் வளர்ந்தது. இன்று நாளை என்று ஓடிய அந்த அனுபவத்தால், பின்னாளில் கட்டடங்களைச் சொந்தமாகவே வாங்க முடிவெடுத்தார்கள். அப்படி வாங்கியதில் ஒன்று பழைய தீயணைப்பு நிலையம். 1990-களின் கடைசியில் அதை 12 கலைஞர்கள் குடியிருந்து வேலை செய்யும் இடமாக மாற்றினார்கள். ஒருவருக்கு 5 ஆண்டு. ஓர் ஆண்டுக்கும் 5 ஆண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. 5 ஆண்டில் ஒருவர் தோற்றுப்போன வேலையை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம். அவ்வளவு நாள் ஒரே சுவரில் சாய்ந்திருக்க அந்தப் படத்துக்கு இடம் இருக்கிறது.

இன்று பி.எஸ்.1-க்குப் போகிறவர்கள் சாரெட்டின் ஓட்டையைப் பார்க்கலாம். ஜேம்ஸ் டரெல் கூரையைத் திறந்து வானத்தைச் சதுரமாகக் காட்டிய அறையும் உண்டு. அடித்தளத்தில், ஒரு காலத்தில் வகுப்பறைகளுக்குச் சூடு அனுப்பிய பழைய பாய்லர் நிற்கிறது. 2010-ல் சால் மெல்மன் என்ற கலைஞர் அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டினார். கரிபடிந்த இரும்பின் மேடுபள்ளத்தில் ரேக்கு அங்கங்கே சுருங்கியும் கிழிந்தும் ஒட்டியிருக்கிறது, விளக்கு பட்டால் மின்னுகிறது. மேலே இருக்கும் அறைகளுக்குச் சூடு இப்போது அதிலிருந்து போவதில்லை.